கன்று நடும் முன் தண்ணீரைப் பாருங்கள்

சதுப்பு நில மீட்பு என்று கூப்பிட்டால், முதல் கூட்டத்திலேயே அந்தக் கேள்வி வந்துவிடும்: "எத்தனை கன்று நடலாம் சார்?" நானும் ஒரு காலத்தில் எண்ணிக்கை சொன்னவன்தான். தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் உப்பங்கழியின் ஓரம் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரக் கன்றுகளை வரிசை பிடித்து நட்டோம். மழைக்காலம் முழுக்கப் பச்சையாக நின்றன, போட்டோ எடுத்தார்கள். மே மாதம் போய்ப் பார்த்தால் மண்ணில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது, கன்றுகள் குச்சியாகியிருந்தன. நாங்கள் நட்டது ஓதம், அதாவது ஏறி இறங்கும் கடல்நீர், எட்டாத மேடு.

சென்னைக் கடலில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் பெரிதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக்கூட சுமார் ஒரு மீட்டர்தான். அந்த ஒரு மீட்டருக்குள்தான் எல்லாம் நடக்கிறது. அடிக்கடி நனைந்து வடியும் சேற்றில் வெண்கண்டல் மூச்சுவேரை மேலே நீட்டி நிற்கும். எப்போதாவது நனையும் மேட்டில் உமரி என்ற உப்புச் செடி படரும். தண்ணீர் வடியாத பள்ளத்தில் கண்டல் மூச்சுத் திணறிச் சாகும். ஒரு சாண் உயரம் தப்பினால் செடியே மாறிவிடும். அதனால் இப்போது நான் முதல் நாள் எடுத்துப் போவது மேடு பள்ளம் அளக்கும் ஆட்டோ லெவல் கருவியும் அளவுச்சட்டமும்தான்.

சென்னையின் அடையாறு உப்பங்கழியைப் பாருங்கள். மொத்தம் 358 ஏக்கர். அதில் முதல் 58 ஏக்கர் 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டிக் கொட்டி மேடான இடம் அது. கொட்டியதை அள்ளித் தண்ணீருக்கு இடம் விட்ட பிறகுதான் செடிகளுக்கு அங்கே வாழ்வு வந்தது.

ஆனால் அந்தத் தண்ணீர் பூங்காவின் வேலிக்குள் முடிகிற விஷயமா? கடலோர மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கோடையில் ஆற்றின் ஓட்டம் குறைந்ததும் அது முகத்துவாரத்தை அடைத்துக்கொள்ளும். அப்புறம் ஓதம் உள்ளே வராது. சாக்கடை மட்டும் வந்து தேங்கும். வாய் எப்போது அடையும், எந்த மழைக்கு உடையும் என்பதை ஊரூர் குப்பத்திலோ சீனிவாசபுரத்திலோ மீனவர்களிடம் கேட்டால் தெரியும். கருவியை இறக்குவதற்கு முன் நான் அவர்களிடம் போய் உட்காருவேன்.

இன்னொரு வியாதி, தூர்வாருவது. ஏரி என்று நினைத்துப் பொக்லைனை இறக்கி ஒரே ஆழத்துக்குத் தோண்டிவிடுகிறார்கள். படத்தில் நீலமாக, அழகாகத்தான் இருக்கும். ஆனால் குளிர்காலத்தில் வலசை வரும் உள்ளான் பறவைகளுக்கு வேண்டியது கால் நனையும் அளவு தண்ணீரும் புழு நிறைந்த சேறும். "சும்மா சேறாகக் கிடக்கிறதே, ஏதாவது வைக்கலாமே" என்று கேட்காத அதிகாரியை நான் இன்னும் சந்திக்கவில்லை. அந்தச் சேற்றைச் சேறாகவே விடுவதும் திட்டத்தில் எழுத வேண்டிய ஒரு வேலை.

சென்னையின் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022-ல் ராம்சர் அந்தஸ்து, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. நல்லது. சுற்றியுள்ள ஏரிகளின் உபரி நீர் அதில் இறங்கி, ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி மூலம் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது. மடுவு குறுகிக்கொண்டே போனால் எல்லைக் கல் நட்டு என்ன பயன்?

உங்கள் பகுதியில் சதுப்பு நிலச் சீரமைப்பு என்று பலகை வைத்தால் மூன்று விஷயம் கேளுங்கள். மேடு பள்ளம் அளந்த வரைபடம் இருக்கிறதா? மே மாதத்திலும் நவம்பரிலும் நீர்மட்டமும் உப்பும் பார்த்தார்களா? உள்ளே விழும் சாக்கடை எங்கே திருப்பப்படுகிறது? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், கன்று வாங்கும் பணத்தை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.

எங்கள் கன்றுகள் காய்ந்த அந்தக் கழியில், பிற்பாடு மேட்டைக் கொஞ்சம் வெட்டி ஒரு வாய்க்காலைத் திறந்துவிட்டோம். வெண்கண்டல் விதைகள் ஓதத்தோடு மிதந்து வந்து தாமாகவே முளைத்தன. வரிசையாக இல்லை, அவ்வளவுதான்.