பழைய திங்க்பேட் வாங்கும் முன் எஃப்1 அழுத்திப் பாருங்கள்

செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கிவிட்டு, "ஒரு தடவை செக் பண்ணிக் கொடுங்க" என்று வருகிறவர்களில் பழைய திங்க்பேட் கொண்டுவருபவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். லீஸ் முடிந்து கம்பெனிகள் கழித்துவிட்ட மெஷின்கள் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களுக்கு மொத்தமாக வந்து இறங்குகின்றன. வாங்குபவர்கள் ப்ராசஸர் என்ன, ராம் எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். ராமையும் டிஸ்க்கையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாத ஒன்று இருக்கிறது, அதை யாரும் பார்ப்பதில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஐபிஎம் 1992 அக்டோபரில் வெளியிட்ட திங்க்பேட் 700சி மாடலில்தான் இந்தக் கறுப்புப் பெட்டியும், கீபோர்டு நடுவே மவுஸுக்குப் பதிலாக இருக்கும் சிவப்புப் பொத்தானும் பிரபலமாயின. வடிவமைத்தவர் ரிச்சர்ட் சாப்பர் என்ற ஜெர்மானியர். உருவாக்கியது ஜப்பானின் யமாட்டோ ஆய்வகத்தில் அரிமாசா நைட்டோவின் குழு. ஜப்பானியர்களின் மதிய உணவுப் பெட்டியை மனதில் வைத்து வரைந்த வடிவம் அது. வெளியே வெறும் பெட்டி, திறந்தால் எல்லாம் அதனதன் இடத்தில். 2005-இல் ஐபிஎம்மின் கம்ப்யூட்டர் பிரிவு லெனோவோவுக்குக் கைமாறிய பிறகும் பல வருடங்கள் அந்த ஒழுங்கு தொடர்ந்தது. 2011-இல் வந்த டி420, எக்ஸ்220 வரை பழைய ஏழு வரிசைக் கீபோர்டும் இருந்தது. என்னைக் கேட்டால் அதைவிட நல்ல லேப்டாப் கீபோர்டு பிறகு வரவில்லை.

டி420-ஐத் திருப்பிப் பாருங்கள். எந்த ஸ்க்ரூ எதைப் பிடித்திருக்கிறது என்று பக்கத்திலேயே சின்னப் படம் பொறித்திருப்பார்கள். கீபோர்டு படம் போட்ட ஸ்க்ரூக்களைக் கழற்றி, கீபோர்டைத் திரைப்பக்கமாக லேசாகத் தள்ளித் தூக்கினால் கையோடு வந்துவிடும். ராம் போடும் இடங்களில் ஒன்று அடிமூடிக்குள் இருக்கிறது, இன்னொன்று கீபோர்டுக்குக் கீழே. அடிமூடியை மட்டும் திறந்து பார்த்துவிட்டு "ஒரே ஸ்லாட்தான்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், நம்பாதீர்கள். எந்தப் பாகத்தை எந்த வரிசையில் கழற்றுவது என்று படத்தோடு விளக்கும் பராமரிப்புக் கையேட்டை நிறுவனமே எல்லோருக்கும் பொதுவில் கொடுத்திருக்கிறது.

கீபோர்டில் டீ கொட்டினால் பெரும்பாலானவர்கள் பதறிப்போய் லேப்டாப்பைக் கவிழ்க்கிறார்கள். இந்த மாடல்களில் அப்படிச் செய்யவே கூடாது. கொட்டியது வழிந்து வெளியேற, அடிப்பக்கத்தில் வடிகால் துளைகள் வைத்திருக்கிறார்கள். கவிழ்த்தால் துளை வழியே போக வேண்டியது திரைக்கும் மற்ற இடங்களுக்கும் போகும். சார்ஜரைப் பிடுங்கி, ஆஃப் செய்து, இருந்த வாக்கிலேயே நன்றாகக் காயும்வரை விட்டுவிடுங்கள். வாங்கும்போதே அந்தத் துளைகளைத் தேடிப் பாருங்கள். அவற்றின் மேலேயே கம்பெனியின் சொத்து எண் ஸ்டிக்கரை ஒட்டி அடைத்துவைத்த மெஷின்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன.

சிவப்புப் பொத்தானைப் பற்றி ஒரு வார்த்தை. கை வைக்காமலே அம்புக்குறி ஒரு பக்கமாக நகர்ந்தால் வைரஸ் என்று பயப்பட வேண்டாம். சில நொடிகள் தொடாமல் விடுங்கள், தானே சரிசெய்துகொள்ளும். மேலே இருக்கும் ரப்பர் தொப்பி தேய்ந்திருந்தால் புதிதாக வாங்கி மாட்டினால் போதும்.

சரி, மாற்ற முடியாத ஒன்று என்று முதலில் சொன்னேனே, அந்தப் பூட்டு விஷயம். ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸில் கம்பெனிகள் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு போட்டுவைத்திருக்கும். அதை எடுக்காமலே விற்றுவிடுவதுண்டு. விண்டோஸ் நன்றாக ஓடும், வாங்குபவருக்கு எதுவும் தெரியாது. ஒருநாள் பென்டிரைவிலிருந்து பூட் செய்ய பயாஸ் அமைப்பை மாற்றப் போகும்போது பாஸ்வேர்டு கேட்கும். "உள்ளே இருக்கும் சின்ன சீமாஸ் பேட்டரியைக் கழற்றினால் போய்விடும்" என்று கடைக்காரர் சொல்வார். போகாது. ஆன் செய்யும்போது கேட்கும் சாதாரண பாஸ்வேர்டு மட்டும் இருந்தால் அந்த வழி செல்லும். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு மதர்போர்டில் தனி சிப்பில் உட்கார்ந்திருக்கிறது. அது தெரியாவிட்டால் போர்டையே மாற்று என்றுதான் நிறுவனத்தின் கையேடு சொல்கிறது. சிப்பில் கைவைத்து எடுத்துத் தருகிறோம் என்பவர்களிடம் கொடுத்து, போர்டே போய்த் திரும்பி வந்தவர்களும் உண்டு.

ஆகவே காசு கொடுக்கும் முன்பு, கடையிலேயே மெஷினை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்லுங்கள். உடனே எஃப்1 அழுத்துங்கள். செக்யூரிட்டி பகுதியில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டுக்கு நேரே டிஸேபிள்டு என்று இருக்க வேண்டும். பாஸ்வேர்டு கேட்டாலோ, எதையும் மாற்ற விடாவிட்டாலோ எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். திருட்டு மெஷினாகக்கூட இருக்கலாம்.

அப்புறம் பேட்டரி. தீப்பிடிக்கும் ஆபத்து இருப்பதாக 2014 மார்ச்சில் லெனோவோ சில திங்க்பேட் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. டி420, எக்ஸ்220 மாடல்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. பேட்டரியைக் கழற்றி, உடம்பு எங்காவது உப்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். உப்பியிருந்தால் திரும்ப மாட்டாதீர்கள். பேட்டரி இல்லாமல் சார்ஜரிலேயே மெஷின் ஓடும். டி430, எக்ஸ்230 முதல் டூப்ளிகேட் பேட்டரியை மெஷினே ஏற்காமல் சார்ஜ் செய்ய மறுக்கும்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது, 11-ஐ இந்தத் தலைமுறை ப்ராசஸர்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. லினக்ஸ் போடுங்கள், எழுத்து வேலைக்கும் புரோகிராமிங்குக்கும் தாராளமாக ஓடும். எக்ஸ்220-க்கு எஸ்எஸ்டி வாங்கினால் 7 மில்லிமீட்டர் தடிமனில் வாங்குங்கள். வைஃபை கார்டை மட்டும் விசாரிக்காமல் மாற்றாதீர்கள். அங்கீகரிக்கப்படாத கார்டு என்றால் 1802 என்ற எண்ணைக் காட்டி, பூட் ஆகாமல் அங்கேயே நின்றுவிடும்.