குழந்தைக்குச் செரிக்காத சர்க்கரை தாய்ப்பாலில் எதற்கு?

பேத்தி பிறந்த அன்று சேனை வைக்க விடாமல் நர்ஸ் தடுத்துவிட்டார் என்று ஒரு வாசகி கோபமாக எழுதியிருந்தார். "தாய்ப்பாலே இனிப்புதானே சார், நாக்கில் ஒரு சொட்டுத் தேன் தொட்டு வைத்தால் என்ன கெட்டுப்போகும்? எங்கள் வீட்டில் எல்லாரும் அப்படி வளர்ந்தவர்கள்தான்."

தேனைப் பற்றிய பதில் சின்னது, அதை முதலில் முடித்துவிடுகிறேன். தேனில் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்கள் குடலில் ஏற்கனவே கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருப்பதால் அவை முளைக்க இடம் கிடைக்காது. பிறந்த குழந்தையின் குடலில் அந்தக் காவல் இல்லை. அங்கே முளைத்து, நரம்பை முடக்கும் நச்சைச் சுரந்துவிடும். அபூர்வமாகத்தான் நடக்கும்; நடந்தால் பிள்ளைக்குப் பால் உறிஞ்சக்கூடத் தெம்பிருக்காது. அதனால்தான் ஒரு வயது வரை தேன் கூடாது என்கிறார்கள். நர்ஸ் செய்தது சரி.

கேள்வியின் இன்னொரு பாதிதான் சுவாரசியமானது. தாய்ப்பால் இனிப்பு என்பது உண்மை. ஒரு லிட்டரில் சுமார் 70 கிராம் லாக்டோஸ் இருக்கிறது, பசும்பாலைவிட நன்றாகவே அதிகம். லாக்டோஸ் என்பது குளுக்கோஸும் கேலக்டோஸும் கைகோத்தது. குழந்தையின் சிறுகுடல் அதை வெட்டி ரத்தத்தில் சேர்த்துவிடும். இது பள்ளிப் பாடம். அடுத்து கொழுப்பு, 35 முதல் 40 கிராம். மூன்றாவதாகப் புரதம் வரும் என்றுதான் நினைப்போம். புரதம் வெறும் 10 கிராம் அளவுதான். அதற்குச் சமமாக, சில சமயம் அதைவிட அதிகமாக, 5 முதல் 15 கிராம் வரை இன்னொரு பொருள் இருக்கிறது. சீம்பாலில் அதுவே 20 கிராமைத் தாண்டும். அதன் பெயர் ஒலிகோசாக்கரைடு, சில சர்க்கரை மணிகள் கோத்த குட்டிச் சங்கிலி. அதைச் செரிக்கும் நொதி குழந்தைக்குக் கிடையாது. வயிற்று அமிலத்துக்கும் அது அசைவதில்லை. நூற்றில் ஒரு பங்கு ரத்தத்துக்குப் போனால் பெரிது. மிச்சமெல்லாம் அப்படியே பெருங்குடலுக்கு இறங்கிவிடும்.

பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்குக் கூடுதலாக 600 கிலோ கலோரி தேவை என்று நம் நாட்டுப் பரிந்துரை சொல்கிறது. அவ்வளவு செலவில் சுரக்கும் பாலில், பிள்ளைக்குப் பயன்படாத ஒன்றை உடம்பு ஏன் இத்தனை தாராளமாகக் கலக்க வேண்டும்?

விடை தேடத் தொடங்கியவர்கள் பார்த்தது பாலை அல்ல, மலத்தை. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாரீஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஹென்றி டிசியே, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் நுனியில் இரண்டாகக் கிளைத்த ஒரு பாக்டீரியாவைக் கண்டார். பிஃபிடோபாக்டீரியம் என்று இன்று தயிர் விளம்பரத்தில்கூட வரும் குடும்பம் அதுதான். புட்டிப்பால் குழந்தைகளிடம் அது அவ்வளவாக இல்லை. 1950-களில் அமெரிக்காவில் பால் கியார்கி என்ற குழந்தை மருத்துவர், தாய்ப்பாலில் உள்ள எதுவோ ஒன்று இந்தப் பாக்டீரியாவை வளர்க்கிறது என்று காட்டினார். அது இந்தச் சர்க்கரைச் சங்கிலிகள்தான் என்பது அவரும் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் கூனும் சேர்ந்து செய்த வேலையில் தெளிவானது. ஆக, தாய் ஊட்டுவது இரண்டு பேருக்கு. ஒருவர் மடியில் இருக்கிறார், மற்றவர் மடியில் இருப்பவரின் குடலில்.

இந்தச் சங்கிலிகளைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். குளுக்கோஸ், கேலக்டோஸ், என்-அசிட்டைல் குளுக்கோசமின், ஃபியூகோஸ், சயாலிக் அமிலம் என்று ஐந்தே மணிகள். ஒரு முனையில் எப்போதும் லாக்டோஸ். அங்கிருந்து நேராகவும் கிளைவிட்டும் மற்ற மணிகள் கோக்கப்படுகின்றன. இந்த ஐந்தை வைத்து 150-க்கும் மேற்பட்ட வடிவங்களைத் தாயின் மார்பகம் செய்கிறது. எல்லாத் தாய்மாரும் ஒரே கலவையைத் தருவதில்லை. எஃப்யூடி2 என்ற மரபணு வேலை செய்யாத பெண்களின் பாலில் ஒரு முக்கியமான ஃபியூகோஸ் வகை கிட்டத்தட்ட இருக்காது. பசும்பாலில் இந்தச் சங்கிலிகள் மொத்தத்திலேயே மிகச் சொற்பம்.

இவற்றைத் தின்னத் தெரிந்தவர்களில் கெட்டிக்காரர் பிஃபிடோபாக்டீரியம் இன்ஃபான்டிஸ். இன்ஃபான்டிஸ் என்று சுருக்கமாகச் சொல்வோம். 2008-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் குழு இதன் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்தபோது, ஒரே இடத்தில் 43,000 எழுத்து நீளத்துக்கு அடுத்தடுத்து ஒரே தொழிலுக்கான மரபணுக்கள் இருந்தன. பால் சங்கிலியைப் பிடிக்கும் புரதங்கள், உள்ளே இழுக்கும் வாயில்கள், பிறகு ஒவ்வொரு மணியையும் கழற்றும் நொதிகள். ஃபியூகோஸைக் கழற்ற ஒன்று, சயாலிக் அமிலத்தைக் கழற்ற ஒன்று, மற்ற இரண்டு இணைப்புகளுக்கு இரண்டு. அதை முதலில் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. தாய்ப்பாலைத் தவிர வேறெங்கும் அதிகம் கிடைக்காத ஒரு சாப்பாட்டுக்காகவே ஒரு பாக்டீரியா இத்தனை ஆயுதங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது.

அதன் உறவுக்காரர் பிஃபிடோபாக்டீரியம் பிஃபிடம், சங்கிலியைத் தன் உடலுக்கு வெளியே வைத்து வெட்டும். சிதறும் துண்டுகளை அக்கம்பக்கத்தில் இருப்பவர்களும் எடுத்துக்கொள்வார்கள். இன்ஃபான்டிஸ் அப்படியில்லை. பந்தியில் உட்காராமல் இலைச் சாப்பாட்டை அப்படியே பார்சல் கட்டி வீட்டுக்கு எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடும் ஆசாமி. முழுச் சங்கிலியையும் உள்ளே இழுத்த பிறகுதான் முதல் வெட்டே விழும். வயிற்றுப்போக்கு தரும் கிருமிகளுக்குப் பருக்கைகூட மிஞ்சாது.

உள்ளே போன சர்க்கரையை எரிக்கும் விதமும் தனி. நம் செல்கள் சர்க்கரையை உடைக்கும் கிளைக்காலிசிஸ் வழியை விட்டு, இந்தக் குடும்பத்துக்கே உரிய ஒரு குறுக்குவழியில் போகிறது. இரண்டு குளுக்கோஸுக்கு மூன்று அசிட்டேட், இரண்டு லாக்டேட் வெளியே வரும். அசிட்டேட் என்றால் வினிகரின் சரக்கு, லாக்டேட் என்றால் தயிரின் சரக்கு. குடல் புளிக்கிறது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளையின் மலத்தில் பிஹெச் அளவு 5 வரை இறங்கும். துணியை மாற்றிய எந்தப் பாட்டிக்கும் இது தெரியும்: மஞ்சளாக, தளர்வாக, லேசான புளிப்பு வாடையோடு இருக்கும், நாறாது. மாட்டுப்பாலோ பவுடர் பாலோ தொடங்கியதும் அந்த வாடை மாறிவிடும். அமிலம் பிடிக்காத ஈ.கோலை, கிளெப்சியெல்லா வகையறாக் கிருமிகளுக்கு அந்தப் புளிப்பு சரிப்படாது. அப்புறம் அசிட்டேட்டைக் குழந்தையின் உடலும் எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். செரிக்காத சர்க்கரை சுற்றுவழியில் பிள்ளைக்கே திரும்பி வருகிறது.

சரி, இதெல்லாம் பால்குடி மறந்த பிறகும் ஏன் முக்கியம்? முதல் சில மாதங்களில்தான் நோய் எதிர்ப்பு மண்டலம் எதை எதிர்ப்பது, எதைச் சும்மா விடுவது என்று பழகுகிறது. டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தை இன்ஃபான்டிஸ் இண்டோல் லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. அது எதிர்ப்புச் செல்களின் படபடப்பைத் தணிக்கிறது. ஸ்வீடனிலும் கலிபோர்னியாவிலும் குழந்தைகளை வைத்துச் செய்து 2021-இல் வெளியான ஆய்வில், பால் சங்கிலியைத் தின்னும் மரபணுக்கள் குடலில் குறைவாக இருந்த பிள்ளைகளின் ரத்தத்தில் அழற்சியின் அடையாளங்கள் கூடுதலாக இருந்தன. டாக்காவில் செய்த ஆய்வில், பிஃபிடோபாக்டீரியம் நிறைய இருந்த கைக்குழந்தைகளுக்கு வாய்வழிப் போலியோ, பிசிஜி, டெட்டனஸ் தடுப்பூசிகளுக்கு எதிர்ப்பு நன்றாக எழும்பியது.

எடைக்கும் இதில் பங்குண்டு. வங்கதேசத்தில் கடுமையாக இளைத்த குழந்தைகளிடம் இன்ஃபான்டிஸ் மிகக் குறைவாக இருந்ததைப் பார்த்து, இரண்டு முதல் ஆறு மாதப் பிள்ளைகளுக்கு 28 நாள் அந்தப் பாக்டீரியாவையே கொடுத்துப் பார்த்தார்கள். எடை ஏறியது, குடல் அழற்சி குறைந்தது. 2022-இல் வெளியான அந்த ஆய்வில் எனக்கு மறக்க முடியாத விஷயம் வேறு. கொடுத்த ரகம் அமெரிக்கக் குழந்தையிடமிருந்து எடுத்தது. வங்கதேசக் குழந்தைகளிடமிருந்தே எடுத்த ஒரு ரகத்தை எலிகளில் வைத்து, அந்த ஊர்ப் பிள்ளைகள் சாப்பிடும் உணவைக் கொடுத்துப் பார்த்தபோது, அமெரிக்க ரகத்தை அது ஓரங்கட்டிவிட்டது. பால் சங்கிலியோடு செடிகொடிகளின் மாவுப்பொருளையும் தின்ன அதற்குத் தெரிந்திருந்தது.

இங்கே என் ஆதங்கத்தையும் கொட்டிவிடுகிறேன். ஒடிசாவின் கிராமங்களில் 4,556 பச்சிளங்குழந்தைகளை வைத்து ஒரு சோதனை நடந்து, 2017-இல் முடிவு வெளியானது. ஒரு லாக்டோபாசில்லஸ் பாக்டீரியாவையும் அதற்குத் தீனியாக ஒரு சர்க்கரைச் சங்கிலியையும் ஏழு நாள் கொடுத்தார்கள். ரத்தத்தில் நோய்த்தொற்றோ மரணமோ நேர்ந்த விகிதம் 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதத்துக்கு இறங்கியது. அதற்குப் பணம் வந்தது அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்திலிருந்து. ராக்கெட்டுக்குக் கைதட்டும் நாம் தர்மபுரி, ராமநாதபுரம் பிள்ளைகளின் குடலில் யார் குடியிருக்கிறார் என்று கணக்கெடுக்கவும் காசு ஒதுக்கலாம். மலத்தை ஆராய்வது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறார்களோ என்னவோ.

பிஃபிடோபாக்டீரியங்கள் குழந்தைக்கு வரும் முக்கிய வழிகளில் ஒன்று, பிரசவத்தின்போது தாயின் குடலிலிருந்து. 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். அங்கே இந்த வழி அடைபடுகிறது, கூடவே ஆன்டிபயாட்டிக்கும் சேர்கிறது. சிசேரியன் ஆனவர்கள் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை. சீக்கிரம் பால் கொடுக்கத் தொடங்கி, ஆறு மாதம் வேறெதுவும் கலக்காமல் கொடுத்தால் பெருமளவு சரியாக வாய்ப்புண்டு. ஆனால் அதே கணக்கெடுப்பின்படி இந்தியா முழுவதும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கிடைத்தது 41.8 சதவீதக் குழந்தைகளுக்குத்தான். மற்றவர்களில் பலருக்கு முதலில் வாயில் விழுவது சர்க்கரைத் தண்ணீர், உரைமருந்து, தெருவில் கூவி விற்கிற கழுதைப்பால். சேனை வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வருமாம். குணம் வருகிறதோ இல்லையோ, விரலில் இருக்கும் கிருமி நிச்சயம் வரும்.

பால் சங்கிலிகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. குடல் சுவரின் செல்கள் மேலும் இதே மணிகளால் ஆன கிளைகளைப் போர்த்தியிருக்கின்றன, கிருமிகள் அவற்றைப் பிடித்துத்தான் ஒட்டும். பாலில் மிதக்கும் சங்கிலியைச் செல் என்று நினைத்துப் பிடித்துக்கொண்டால், கிருமி அதோடு வெளியே போய்விடும். மெக்சிகோவில் ஃபியூகோஸ் சங்கிலி அதிகமுள்ள பால் குடித்த குழந்தைகளுக்குக் கேம்பிலோபாக்டர் என்ற கிருமியால் வரும் வயிற்றுப்போக்கு குறைவாக இருந்தது இப்படித்தான் என்று கருதுகிறார்கள்.

எல்லாக் கிருமியும் ஏமாறுவதில்லை என்பதை வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் பிறந்த குழந்தைகள் காட்டினார்கள். வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா வைரஸில், அங்கே பச்சிளங்குழந்தைகளைத் தாக்கும் ஒரு ரகத்தை ஆராய்ந்தபோது, நோய் அறிகுறி தென்பட்ட பிள்ளைகளின் தாய்ப்பாலில் சில சங்கிலிகள் அதிகமாக இருந்தன, குறைவாக அல்ல. அதே ஆய்வு, பச்சிளங்குழந்தைகளிடம் கிடைத்த ரோட்டா ரகத்திலிருந்து செய்த தடுப்பு மருந்தின் வைரஸ், சில பால் சங்கிலிகள் கூட இருந்தால் செல்களுக்குள் இன்னும் நன்றாக நுழைகிறது என்றும் ஆய்வகத்தில் காட்டியது. தாய்ப்பால் வாய்வழித் தடுப்பு மருந்தைக் கெடுக்கும் என்ற பழைய பயம் இருந்தது. அதற்காகச் சொட்டு கொடுக்கும் நேரத்தில் பாலை நிறுத்திப் பார்த்த சோதனைகள் டெல்லியிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்தன, எந்தப் பலனும் தெரியவில்லை. எனவே வாசகிக்கு ஒரு கூடுதல் தகவல்: பேத்திக்கு ஆறாவது வாரம் ரோட்டா சொட்டு மருந்து போடப் போகும்போது, முன்னும் பின்னும் தாராளமாகப் பால் கொடுக்கலாம்.