கத்தி தீட்டக் கூலி எவ்வளவு? எஃகு சொல்லும் கணக்கு

ஒரே நீளம், ஒரே அகலம், ஒரே எஃகு. அப்படி இரண்டு சமையல் கத்திகள் சாணைக்கு வருகின்றன. ஒன்று வெறுமனே மழுங்கியிருக்கிறது. மற்றொன்றின் விளிம்பில் 1 மி.மீ. ஆழத்துக்கு ஒரு பல் உடைந்திருக்கிறது. இரண்டுக்கும் ஒரே கூலி வாங்கினால் சாணை பிடிப்பவருக்கு நஷ்டம். இரண்டாவதற்குப் பல மடங்கு கேட்டால், "இத்தனூண்டு உடைப்புக்கா இவ்வளவு?" என்று கத்திக்காரர் கேட்பார். நியாயமான கேள்விதான். பதில் சொல்லக் கொஞ்சம் இயற்பியல் வேண்டும்.

கூர் என்பது இரண்டு சரிவுகள் சந்திக்கும் கோடு. நன்றாகத் தீட்டிய கத்தியில் அந்தக் கோட்டின் அகலம் 1 மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு. தலைமுடியின் தடிமனோ 50 முதல் 100 மைக்ரான் வரை. அவ்வளவு குறுகிய இடத்தில் விழுவதால்தான் கையின் லேசான விசைகூடப் பெரிய அழுத்தமாக மாறி, பொருளைப் பிளக்கிறது. வெட்ட வெட்ட அந்தக் கோடு தேயும், ஒரு பக்கமாக மடங்கும், சில்லாகப் பெயரும். 2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், சவரத் தகடு முடியை வெட்டுவதை எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் வைத்தே பார்த்தார்கள். எஃகைவிட எவ்வளவோ மென்மையானது முடி. ஆனாலும் அது வளைந்து பக்கவாட்டில் தள்ளும்போது, எஃகின் நுண்ணமைப்பு சீராக இல்லாத இடங்களில் விளிம்பு பெயர்ந்து போனது. கடினமான பொருளை வெட்டினால்தான் கத்தி கெடும் என்ற எண்ணம் அத்தோடு அடிபட்டுப்போகிறது.

போன விளிம்பைத் திரும்ப ஒட்ட முடியாது. மிச்சமிருக்கும் எஃகைக் கழித்துத்தான் புது விளிம்பு செய்ய வேண்டும். சாதாரண மழுங்கலுக்கு 0.02 மி.மீ. கழித்தால் போதும் என்று வைத்துக்கொள்வோம். 1 மி.மீ. பல் மறைய வேண்டுமானால், பல் உள்ள இடத்தை மட்டும் தேய்த்தால் அங்கே பள்ளம் விழும். கத்தியின் முழு நீளமும் 1 மி.மீ. பின்வாங்கியாக வேண்டும். அது 50 மடங்கு. முதுகை நோக்கிப் போகப் போக அலகு தடித்துக்கொண்டே வருவதால், கழிக்க வேண்டிய எஃகு 50 மடங்கையும் தாண்டும்.

அந்த எஃகைக் கழிக்க எவ்வளவு நேரம் ஆகும்? கண்ணாடி மெருகூட்டுவதை ஆராய்ந்த பிரெஸ்டன் 1927இல் ஒரு எளிய விதியைத் தந்தார்: தேய்ந்துபோகும் அளவு அழுத்தம், வேகம், நேரம் மூன்றின் பெருக்கலைப் பொறுத்தது. கூடவே, எந்தப் பொருள் எதைத் தேய்க்கிறது என்பதைப் பொறுத்த ஓர் எண். சாணைத் தொழிலின் பொருளாதாரம் முழுக்க இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது என்பேன். நேரத்தைக் குறைக்க மூன்று வழிதான்: அழுத்து, வேகத்தைக் கூட்டு, அல்லது சாணைப் பொருளை மாற்று.

வேகத்தைக் கூட்டுவது ரொம்பச் சுலபம், ஆபத்தும் அதில்தான். 150 மி.மீ. விட்டமுள்ள சாணைச் சக்கரம் நிமிடத்துக்கு 2,900 சுற்று சுற்றினால், அதன் விளிம்பு நொடிக்குச் சுமார் 23 மீட்டர் ஓடுகிறது. தண்ணீரில் நனைந்தபடி நிமிடத்துக்கு 90 சுற்று மட்டும் சுற்றும் 250 மி.மீ. சக்கரத்தின் விளிம்பு வேகம் 1.2 மீட்டர்தான். ஏறக்குறைய 20 மடங்கு வித்தியாசம். அந்த வேகம் அவ்வளவும் வெப்பமாக வந்து சேரும். பெரும்பாலான சமையல் கத்திகளை 150 முதல் 200 டிகிரி செல்சியஸுக்குள் சூடாக்கித்தான் பதம் செய்திருப்பார்கள். அதைத் தாண்டிச் சூடேறினால் கடினம் குறையத் தொடங்கும். விளிம்பில் நீல நிறம் படர்ந்துவிட்டால் சூடு 300 டிகிரியை எட்டியிருக்கிறது என்று அர்த்தம். விளிம்பின் நுனி மிக மெல்லியது, சூட்டைக் கடத்திவிட அங்கே எஃகு இல்லை. அதனால் கத்தி கையில் குளிர்ச்சியாக இருக்கும்போதே நுனி மட்டும் வெந்துபோகலாம். தீட்டித் திரும்ப வாங்கும்போது அருமையாக வெட்டும், ஒரு வாரத்தில் மொக்கையாகிவிடும். ஒரு கத்திக்கு மிகக் குறைந்த கூலி என்று நிர்ணயித்துவிட்டால், சாணை பிடிப்பவர் இந்த வேகத்தை நோக்கித்தான் தள்ளப்படுவார். கூலியைப் பற்றி நான் இவ்வளவு அக்கறைப்படுவதற்கு இதுதான் காரணம்.

சாணைப் பொருளை மாற்றுவது நல்ல வழி, ஆனால் செலவு பிடிக்கும். சாணைக் கற்களில் வழக்கமாக இருக்கும் அலுமினியம் ஆக்சைடு சாதாரண எஃகை நன்றாகவே தேய்க்கும். வனேடியம் என்ற உலோகம் நிறைய சேர்த்த எஃகில், அது கார்பனோடு சேர்ந்து உண்டாகும் வனேடியம் கார்பைடு துகள்கள் இருக்கும். அவை அலுமினியம் ஆக்சைடைவிடக் கடினம். கல் சுற்றியுள்ள எஃகை அரிக்குமே தவிர, அந்தத் துகள்களைச் சரியாக வெட்டாது. அங்கே வைரத் துகள் பதித்த தகடு வேண்டும். ஆகவே ஒரு கத்தி என்ன எஃகு என்று கேட்பது கூலிக் கணக்கின் ஒரு பகுதி.

சொரசொரப்பான கல்லில் ஒரு பக்கம் தேய்த்து விளிம்பைத் தொட்டதும், மறுபக்கம் மெல்லிய பிசிறு எழும். விளிம்பு வரை வேலை வந்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் அந்தப் பிசிறை நீக்காமல் கொடுத்தால், முதல் சில வெட்டுகளில் அது மடங்கி, கூர் போய்விடும். நுண்ணிய கல்லில் பக்கம் மாற்றி மாற்றி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து பிசிறை எடுக்க வேண்டும். சரிந்த ஒளியில் விளிம்பைப் பிடித்துப் பாருங்கள். எங்கே வெள்ளைக் கோடு மின்னுகிறதோ அங்கே இன்னும் மழுங்கல் அல்லது பிசிறு இருக்கிறது. நல்ல விளிம்பு ஒளியைத் திருப்பி அனுப்பாது.

சரி, கூலிக்கு வருவோம். கழியும் எஃகு நீளத்துக்கு நேர் விகிதம் என்பதால், நீளத்தை வைத்து அடிப்படைக் கூலி போடுவது இயற்பியலுக்கும் பொருந்துகிறது. உடைந்த பல்லுக்கு ஆழத்தை அளந்து தனியாகச் சேர்க்க வேண்டும். நேரம் மட்டுமல்லாமல் சாணைப் பட்டையும் கல்லும்கூட அதற்கேற்பக் கரைகின்றன. ரம்பப் பல் கத்தியில் ஒவ்வொரு குழிவையும் தனித்தனியே, கூம்பு வடிவக் கோலால், பெரும்பாலும் ஒரே பக்கம் தீட்ட வேண்டியிருப்பதால் அதை நீளத்தால் அளக்கக் கூடாது, குழிவுகளை எண்ண வேண்டும். கத்தரிக்கோல் வேறு கணக்கு: உள்பக்கத்தைத் தேய்த்துவிட்டால் இரண்டு அலகுகளும் ஒன்றையொன்று உரசும் வளைவு கெட்டுவிடும்.

பலர் தவறவிடுவது கல்லில் கத்தி படாத நேரம். வாங்கிப் பார்ப்பது, கழுவுவது, கோணத்தைக் கண்டுபிடிப்பது, சோதிப்பது, பொதிந்து கொடுப்பது இவையெல்லாம் சின்னக் கத்திக்கும் பெரிய கத்திக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே ஒரு கத்தி கொண்டுவருபவருக்குக் குறைந்தபட்சக் கூலியும், பத்துக் கத்தி கொண்டுவருபவருக்குச் சலுகையும் அதனால்தான் நியாயம். ஒரு நாளில் தேவைப்படும் வருமானத்தை வேலை நேரம் முழுவதாலும் வகுத்து மணிக்கூலி கண்டுபிடித்தால் தொழில் தேயும். கல்லில் கத்தி இருக்கும் மணிகளால் மட்டும் வகுக்க வேண்டும்.

கோணம் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: சரிவின்மேல் மார்க்கர் மையைப் பூசி, கல்லில் ஒருமுறை இழுத்துப் பார்ப்பது. மை முழுவதும் அழிந்தால் பழைய கோணத்திலேயே இருக்கிறோம். நுனியில் மட்டும் அழிந்தால் கத்தியை அதிகமாக நிமிர்த்திவிட்டோம். பழைய கோணத்தையே பிடித்தால் கழியும் எஃகு மிகக் குறைவு, கத்திக்கு ஆயுளும் கூடும். ஆனால் பல வருடம் தீட்டியபின் விளிம்புக்குப் பின்னால் உள்ள பகுதியே தடித்துவிடும். எவ்வளவு கூராக்கினாலும் வெட்டும்போது சிக்கும். அப்போது பக்கங்களையே மெலிதாக்க வேண்டும். தீட்டுவதைவிடப் பல மடங்கு எஃகு போகும் வேலை அது. கத்தியைக் கையில் வாங்கும்போதே தடிமனைப் பார்த்து, இதற்கு இவ்வளவு ஆகும் என்று சொல்லி, சம்மதம் கிடைத்த பிறகு கல்லைத் தொடுவது நல்லது.