நூறு வாட் வெறுப்பு: ஒரு பண்பலை வானொலியை அடக்குவது ஏன் அவ்வளவு கடினம்?

ஏப்ரல் 7ஆம் திகதி ருவாண்டா இனப்படுகொலையை உலகம் நினைவுகூரும் நாள். அது பற்றிய செய்தியைப் படித்துவிட்டு உப்புவெளியிலிருந்து ஓர் உயர்தர மாணவி கேட்டிருக்கிறார்: "கொலைக்குத் தூண்டிய அந்த வானொலியை மற்ற நாடுகள் ஏன் ஜாம் செய்யவில்லை? அதே அலைவரிசையில் இரைச்சலை அனுப்பினால் போதாதா?"

இதற்கான பதிலில் பாதி அரசியல், பாதி இயற்பியல். அரசியலைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். எனக்கு மறுபாதி மேல்தான் ஆசை. வானொலி என்றதும் திருகோணமலை வாசகர்களுக்கு வேறு சில குரல்களும் நினைவுக்கு வரும் என்பது தெரியும். அவற்றை இன்று தொடப்போவதில்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்.டி.எல்.எம். என்ற அந்த நிலையம் 1993 ஜூலையில் தலைநகர் கிகாலியில் தொடங்கியது. பெயரிலேயே 'ஆயிரம் குன்றுகள்' இருந்தது. ருவாண்டாவுக்கு வழங்கும் பெயர் அது. அரச வானொலி விறைப்பாகப் பேசிக்கொண்டிருந்த நாட்டில் இவர்கள் கொங்கோ இசை போட்டார்கள், தெருமொழியில் நகைச்சுவை பேசினார்கள், நேயர்களின் அழைப்புகளை ஒலிபரப்பினார்கள். இளைஞர்கள் மொய்த்தார்கள். இடையிடையே சிறுபான்மையினரான டுட்சி மக்களைக் கரப்பான்பூச்சிகள் என்றார்கள். 1994 ஏப்ரல் 6ஆம் திகதி ஜனாதிபதியின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்ட பிறகு எவரைத் தேட வேண்டும், எந்த இலக்கத் தகட்டுடைய வாகனத்தை மறிக்க வேண்டும் என்றே வாசிக்கத் தொடங்கினார்கள். ஏறத்தாழ நூறு நாட்களில் கொல்லப்பட்டவர்கள் பல இலட்சம் பேர். பெரும்பாலானோர் டுட்சிகள். நிலையத்தின் மீது ஷெல் விழுந்தும் ஒலிபரப்பு நிற்கவில்லை. ஜூலையில் கிகாலி வீழ்ந்த பிறகுதான் ஓய்ந்தது.

இத்தனைக்கும் அவர்களிடம் இருந்தவை இரண்டே ஒலிபரப்பிகள். கிகாலியில் 100 வாட், மூஹே மலையில் 1000 வாட். முதலாவதன் வலு பழைய குண்டு பல்பு ஒன்றுக்குச் சமம். நம் ஊரில் ஜெர்மன் டொய்ச்ச வெல்லே வானொலி வைத்திருந்த மறுஒலிபரப்பு நிலையத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. ஆனால் அந்த நிலையம் வேறு இனம்: மத்திய அலை, சிற்றலை. ஆர்.டி.எல்.எம். பண்பலை, அதாவது எப்.எம். மத்திய அலையும் சிற்றலையும் வான்மண்டலத்தின் அயனிப் படலத்தில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். பண்பலை அப்படித் திரும்பாது. ஒளியைப் போல ஏறக்குறைய நேர்க்கோட்டில் போய், மலை குறுக்கிட்டால் நின்றுவிடும். மலையுச்சியில் வைத்தால் சிறிய ஒலிபரப்பியே போதும். மலைக்குப் பின்னால் இருக்கும் ஊருக்குப் பெரிய ஒலிபரப்பியும் போதாது.

இனி மாணவியின் கேள்வி. மத்திய அலையில் ஒரே அலைவரிசையில் இரண்டு நிலையங்கள் மோதினால் என்ன ஆகும் என்பது இரவில் ரேடியோ கேட்ட எல்லோருக்கும் தெரியும். இரண்டு பேச்சும் கலந்து கேட்கும், நடுவே ஒரு விசில் சத்தமும் வரும். அங்கே இரைச்சலை அனுப்பிக் குழப்புவது எளிது. பண்பலையில் அப்படிக் கலப்பதில்லை. வலுவான அலை மட்டும் சுத்தமாகக் கேட்கும், மற்றது காணாமல் போய்விடும். இதைப் பார்க்க நிலாவெளிக் கடற்கரைக்குப் போனால் போதும். மாசி, பங்குனியில் காற்று விழுந்து கடல் அடங்கிக் கிடக்கும்போது, கடலை ஒட்டிய ஈரக் காற்றின் மேல் சூடான உலர்ந்த காற்று படிந்து, நேராகப் போகவேண்டிய பண்பலையைக் கீழ்நோக்கி வளைத்துவிடும். ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காரைக்கால் கரையிலிருந்துகூட அலைகள் அப்படிக் கடல்மேல் தவழ்ந்து வர முடியும். அந்த நேரத்தில் இரு கரை நிலையங்களும் மோதும் ஓர் அலைவரிசையில் சிறிய ரேடியோவை வைத்து, ஏரியலைக் கொஞ்சம் திருப்புங்கள். இலங்கை அறிவிப்பாளர் சொல்லை முடிக்காமலே மறைவார், தமிழ்நாட்டுப் பாட்டு நடுவரியிலிருந்து தொடங்கும். இரண்டடி தள்ளி நின்றால் அறிவிப்பாளர் திரும்பி வருவார். இருவரையும் ஒருசேரக் கேட்பது அரிது.

ஏன் இப்படி? மத்திய அலையில் செய்தி அலையின் உயரத்தில் இருக்கிறது. பண்பலையில் அது அலை எத்தனை வேகமாகத் துடிக்கிறது என்பதில் இருக்கிறது. ஆகவே பண்பலை வாங்கி உயரத்தைச் சட்டை செய்வதில்லை. மேடு பள்ளங்களை வெட்டியெறிந்துவிட்டு, ஒரு விநாடிக்கு எத்தனை சுற்று என்று மட்டும் எண்ணுகிறது. இரண்டு அலைகள் ஒன்றாக வரும்போது அந்த எண்ணிக்கை எவருடையது என்பதுதான் கேள்வி.

ஓர் அப்பா கோணேசர் கோயில் உள்வீதியை வலம் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கையைப் பிடித்த குழந்தை அவரையே சுற்றிச் சுற்றி ஓடுகிறது. வேகமாக ஓடலாம், மெதுவாக ஓடலாம், எதிர்த்திசையிலும் ஓடலாம். அப்பா பத்துத் தரம் வலம் வந்து முடித்தபோது குழந்தை கருவறையை எத்தனை தரம் சுற்றியிருக்கும்? பத்துத்தான். அப்பாவைச் சுற்றி அது ஆயிரம் தரம் ஓடியிருந்தாலும் பத்துத்தான். அவர்களுக்கிடையே உள்ள கை நீளம், அப்பாவுக்கும் கருவறைக்கும் உள்ள தூரத்தைவிடக் குறைவாக இருக்கும்வரை இதில் மாற்றமே இல்லை. கருவறையிலிருந்து பார்த்தால் குழந்தை அப்பாவுக்குச் சற்று முன்னே தெரியும், சற்றுப் பின்னே தெரியும், அவ்வளவுதான்.

அப்பாவின் தூரம்தான் வலுவான அலையின் உயரம். கை நீளம் பலவீனமான அலையின் உயரம். வாங்கிக்குப் போய்ச்சேர்வது இரண்டின் கூட்டுத்தொகை, அதாவது குழந்தை நிற்கும் இடம். பலவீனமான அலை பாதி உயரம் கொண்டதாக இருந்தால் அது கூட்டலை அதிகபட்சம் 30 பாகை முன்பின் அசைக்கும். பத்தில் ஒன்பது பங்கு இருந்தாலும் ஏறத்தாழ 64 பாகைதான். ஒரு முழுச் சுற்றைக் கூட்டவோ குறைக்கவோ அதனால் முடியாது. எண்ணிக்கை முழுக்க வென்றவருக்கே. நடைமுறையில் நல்ல வாங்கிக்கு ஒன்றரை மடங்கு வலு வித்தியாசமே போதும், தோற்ற நிலையம் காதுக்கு எட்டாது. எட்வின் ஆம்ஸ்ட்ரோங் 1933இல் காப்புரிமை பெற்றது மின்னல் இரைச்சலை ஒழிப்பதற்காக. அந்த வடிவமைப்புடன் இந்தக் குணமும் ஒட்டிக்கொண்டு வந்தது. விமானிகள் இன்றும், மத்திய அலையைப் போல, செய்தியை அலையின் உயரத்தில் ஏற்றும் பழைய முறையிலேயே பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம். இருவர் ஒரே நேரத்தில் அழைத்தால், சீனன்குடாக் கோபுரத்தில் இருப்பவருக்கு அது தெரியவேண்டுமே.

ஆகவே பண்பலை வானொலியை அடக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு நேயரின் ரேடியோவிலும் அதைவிட வலுவாக விழவேண்டும். கிகாலி ஒலிபரப்பியிலிருந்து ஒரு கிலோமீட்டரில் இருக்கும் வீட்டை எடுத்துக்கொள்வோம். தூரம் பத்து மடங்கானால் வலு நூறில் ஒன்றாகக் குறையும். பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் பறக்கும் விமானம் அந்த 100 வாட்டை வெல்ல 15,000 வாட் அனுப்பவேண்டும். ஆனால் ஒலிபரப்பியிலிருந்தும் பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிராமத்துக்கு 150 வாட்டே போதும். நாட்டின் நடுவே 5000 மீட்டர் உயரத்தில் பறந்தால் தொடுவானம் சுமார் 250 கிலோமீட்டருக்கு விரியும். இலங்கையின் பாதிகூட இல்லாத ருவாண்டா முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் 1994 மே 5ஆம் திகதி எழுதிய குறிப்பு ஒன்று பின்னர் வெளியானது. விமானத்தில் ஜாம் செய்வதற்கு மணிக்கு 8500 டொலர் செலவாகும், சர்வதேசச் சட்டச் சிக்கல் இருக்கிறது, மலைப்பாங்கான நிலம் பயனைக் குறைக்கும் என்றது அது. ஐ.நா. படைத் தளபதி ரோமியோ டலேர் கேட்டுக்கொண்டும் பலனில்லை. நகர மையத்தில் வெல்வது கடினம் என்பது உண்மை. மலை என்ற சாட்டு மட்டும் எனக்குச் செமிக்கவில்லை. மேலிருந்து வரும் அலைக்கு மலை பெரிய தடையல்ல. மலை நிழலில் கிடக்கும் ஊர்களில் எதிரி அலை மெலிந்திருக்கும், அங்கே விமானத்துக்கு வேலை இன்னும் சுலபம். மணிக்கு 8500 டொலர் பற்றி நான் என்ன சொல்ல?

அதே மலை நிழல்கள் பின்னர் வேறு விதமாகப் பயன்பட்டன. வானொலி உண்மையில் எத்தனை பேரைக் கொலைக்கு இழுத்தது என்று அளப்பது எப்படி? கேட்டவர்களையும் கேட்காதவர்களையும் ஒப்பிட வேண்டும், ஆனால் விரும்பிக் கேட்டவர்கள் ஏற்கனவே வெறுப்பில் ஊறியவர்களாக இருக்கலாம். டேவிட் யனகிசாவா-ட்ரொட் என்ற பொருளியலாளர் 2014இல் வெளியிட்ட ஆய்வில் மலைகளையே பரிசோதகராக்கினார். அருகருகே இருக்கும் இரண்டு கிராமங்களில் ஒன்றுக்கு அலை எட்டும், மற்றது குன்றுக்குப் பின்னால் இருப்பதால் எட்டாது. யார் எந்தப் பக்கம் என்பதைத் தீர்மானித்தது நிலத்தின் மேடு பள்ளமே தவிர மனிதர்களின் மனம் அல்ல. வழக்குப் பதிவுகளோடு ஒப்பிட்டபோது, கொலைகளில் பங்கெடுத்தோரில் சுமார் பத்து வீதத்தினரை, அதாவது ஐம்பதினாயிரம் பேர் அளவில், அந்த ஒலிபரப்பு இழுத்திருக்கும் என்று மதிப்பிட்டார்.

அலை எட்டும் இடங்களைக் கணிக்க உதவிய உயர வரைபடம், 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடாரால் பூமியை அளந்தபோது கிடைத்தது. அளந்தவர்கள் இப்படியொரு பயனை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆராய்ச்சிக்குத் தேசிய உற்பத்தியில் ஒரு வீதத்தைக்கூட ஒதுக்காத நம் நாட்டில், "இந்த அளவீட்டால் உடனே என்ன பலன்?" என்று கேட்டே விண்ணப்பங்களைத் திருப்பியனுப்புகிறார்கள்.

எல்லோரும் இந்த மதிப்பீட்டை ஏற்கவில்லை. ஸ்கொட் ஸ்ட்ராஸ் என்ற அரசியல் அறிஞர் கொலைகளில் ஈடுபட்டுச் சிறையிலிருந்தவர்களையே நேரில் கண்டு பேசியவர். அவர்களில் பெரும்பாலானோர் தம்மை இறக்கியது வானொலி என்று சொல்லவில்லை. வீட்டு வாசலுக்கு வந்து அழைத்த உள்ளூர் அதிகாரிகளையும் அயலவர்களையும்தான் சொன்னார்கள். யனகிசாவா-ட்ரொட்டின் தரவிலும் இதற்கு இடம் இருக்கிறது. அலை எட்டாத கிராமமாக இருந்தாலும், சுற்றியுள்ள ஊர்களில் அது கேட்டிருந்தால் அங்கேயும் வன்முறை கூடியிருந்தது.