கால்சியம்: சுண்ணாம்பும் சுண்ணாம்புச்சத்தும்

மண் பரிசோதனை முடிவிலும் உரப்பையிலும் ‘கால்சியம்’ என்று அச்சாகியிருக்கும். வயலில் பேசும்போது அதையே ‘சுண்ணாம்புச்சத்து’ என்கிறோம். இரண்டும் ஒன்றுதான். ஆனால் ‘சத்து’ என்ற பின்பாதியை விட்டுவிட்டு, ‘மண்ணில் சுண்ணாம்பு குறைவு’ என்று சொன்னால் பொருள் மாறிவிடுகிறது. அந்த வேறுபாடு தெரியாமல், ஏற்கெனவே காரத்தன்மை மிகுந்த மண்ணில் மேலும் சுண்ணாம்பைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு சொல்லின் பாதி உதிர்ந்ததால் ஒரு பயிரே வாடக்கூடும் என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

‘கால்சியம்’ இலத்தீன் மொழியின் ‘கால்க்ஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. கால்க்ஸ் என்றால் சுண்ணாம்பு, சுண்ணாம்புக்கல். சிறுகல்லைக் குறிக்கும் ‘காலிக்ஸ்’ என்ற கிரேக்கச் சொல்லோடு அதைத் தொடர்புபடுத்துவார்கள். கணக்குப் போடப் பயன்பட்ட சிறு கூழாங்கல்லுக்கு இலத்தீனில் ‘கால்குலஸ்’ என்று பெயர். இன்று நாம் சொல்லும் கால்குலேட்டரும் அந்தக் கல்லின் வழிவந்ததுதான். பின்னாளில் இரசவாதிகள் எந்த உலோகத்தைச் சுட்டு நீறாக்கினாலும் எஞ்சும் பொடியைக் கால்க்ஸ் என்று அழைத்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தமிழிலும் இதே கதை வரும்.

சுண்ணாம்புக்குள் ஓர் உலோகம் ஒளிந்திருக்கிறது என்பது 1808 வரை உறுதியாகவில்லை. அந்த ஆண்டு இலண்டனில் ஹம்ப்ரி டேவி என்ற வேதியியலாளர், ஈரச் சுண்ணாம்பைப் பாதரச ஆக்சைடோடு கலந்து மின்சாரம் செலுத்தினார். கிடைத்த இரசக்கலவையிலிருந்து பாதரசத்தை ஆவியாக்கி நீக்கியபோது கால்சியம் எஞ்சியது. பாதரசத்தைப் பயன்படுத்தும் வழியை ஸ்டாக்ஹோமில் இருந்த பெர்சிலியஸ் என்ற வேதியியலாளரின் சோதனைகள் முன்பே காட்டியிருந்தன. கால்க்ஸிலிருந்து எடுத்ததால் டேவி இதற்குக் கால்சியம் என்று பெயரிட்டார். அதற்கு முந்தைய ஆண்டில்தான் பொட்டாஷிலிருந்து, அதாவது மரச்சாம்பலில் கிடைக்கும் உப்பிலிருந்து, எடுத்ததற்குப் பொட்டாசியம் என்று பெயர் வைத்திருந்தார். எதிலிருந்து கிடைத்ததோ அதுவே பெயர்.

நம் வேளாண் வழக்கும் இதையே செய்திருக்கிறது. பொட்டாசியம் சாம்பல்சத்து, கால்சியம் சுண்ணாம்புச்சத்து. தழையை வளர்க்கும் நைட்ரஜன் தழைச்சத்து, மணி பிடிக்க வைக்கும் பாஸ்பரஸ் மணிச்சத்து. மூலத்தை வைத்தோ வேலையை வைத்தோ பிறந்த பெயர்கள் இவை. கேட்டதும் புரிகின்றன, வாயிலும் நிற்கின்றன. இவ்வளவு நல்ல கலைச்சொற்கள் ஒரு துறைக்கு வாய்ப்பது அரிது என்றே நினைக்கிறேன்.

சரி, சுண்ணாம்பு என்ற சொல் எங்கிருந்து வந்தது? அதன் முற்பகுதி ‘சுண்ணம்’. பழைய தமிழில் சுண்ணம் என்றால் பொடி, பெரும்பாலும் வாசனைப்பொடி. மாணிக்கவாசகரின் திருப்பொற்சுண்ணத்தில் பெண்கள் பாடிக்கொண்டே இடிப்பது அந்த நறும்பொடியைத்தான், சுவருக்குப் பூசும் சுண்ணாம்பை அல்ல. சித்த மருத்துவத்தில், சுட்டு நீற்றி எடுக்கும் ஒருவகை மருந்துக்கும் சுண்ணம் என்றே பெயர். இரசவாதிகளின் கால்க்ஸும் இதுவும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன பாருங்கள். ‘சூர்ணம்’ என்ற வடசொல் பிராகிருதத்தில் ‘சுண்ண’ என்று திரிந்து தமிழுக்கு வந்தது என்பது ஒரு கருத்து. ‘சுள்’ என்ற, சுடுதலைக் குறிக்கும் தமிழ் வேரிலிருந்து கிளைத்தது என்போரும் உண்டு. பொருளை மட்டும் பார்த்தால் இரண்டும் பொருந்துகின்றன. சுண்ணாம்பு சுடவும்படுகிறது, பொடியாகவும் ஆகிறது.

சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரி வெப்பத்தில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதில் தண்ணீர் விட்டால் கொதித்துப் பொடிந்து நீற்றிய சுண்ணாம்பாகும். ‘நீறுதல்’ என்றால் பொடியாதல், ‘நீற்றுதல்’ என்றால் பொடியாக்குதல். பாடநூல்களில் ‘நீர்த்த சுண்ணாம்பு’ என்றும் பார்க்கலாம். ‘நீர்த்த’ என்றால் தண்ணீர் கலந்து வலு குறைந்தது என்ற எண்ணம்தான் முதலில் எழும் என்பதால், ‘நீற்றிய’ என்பதே சரியான சொல் என்பது என் கருத்து.

இனி, செடிக்குள் போவோம். செடிக்கு எலும்பு இல்லை. அதன் விறைப்பு செல் சுவர்களிலிருந்து வருகிறது. ஒரு செல்லை அடுத்த செல்லோடு ஒட்டவைக்கும் பசை பெக்டின். அந்தப் பெக்டின் இழைகளை ஒன்றோடொன்று கோத்துப் பிடிப்பது கால்சியம். அது போதாவிட்டால் புதிதாக உருவாகும் செல்கள் உறுதியில்லாமல் குலைந்துபோகும்.

செடிக்குள் கால்சியத்தின் நடமாட்டம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். வேர் உறிஞ்சும் தண்ணீரோடு சேர்ந்து, சைலம் என்ற நீர்க்குழாய்கள் வழியாக மேலே ஏறும். இலை எங்கே அதிகமாக நீராவியை வெளியிடுகிறதோ அங்கேதான் அதிகமாகப் போய்ச் சேரும். ஒருமுறை இலையில் தங்கிவிட்டால் அங்கிருந்து வேறிடத்துக்குக் கிட்டத்தட்ட நகர்வதே இல்லை. தழைச்சத்து குறைந்தால் செடி முதிர்ந்த இலையிலிருந்து எடுத்துக் குருத்துக்குக் கொடுக்கும், அதனால் அடியிலை முதலில் மஞ்சளாகும். சுண்ணாம்புச்சத்தில் அந்தக் கைமாற்று கிடையாது. அதனால் முதலில் அடிபடுவது குருத்து, வேர்முனை, காய்.

தக்காளிக் காயின் அடிப்பக்கம் கருத்து, தோல்போல் அமுங்கிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதைப் பூசண நோய் என்று நினைத்து மருந்தடிக்கிறார்கள். அது நோயே அல்ல, காயின் நுனிக்குக் கால்சியம் எட்டாததன் அடையாளம். அப்போதும் மண்ணில் கால்சியம் இல்லை என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. பெரும்பாலும் சில நாள் காயவிட்டுச் சில நாள் தேக்கிவிடும் ஒழுங்கற்ற பாசனம்தான் காரணம். தண்ணீர் ஏறாவிட்டால் கால்சியமும் ஏறாது. முட்டை ஓட்டை நொறுக்கித் தூரில் போட்டால் இது தீரும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஓட்டில் கால்சியம் நிறைய உண்டு, உண்மைதான். ஆனால் பெரிய துண்டுகள் மிக மெதுவாகவே கரையும். இப்போது காய்த்திருக்கும் காய்க்கு அது உதவாது. ஈரத்தைச் சீராக வைத்திருப்பதே முதல் வேலை.

நிலக்கடலையின் கதை இன்னும் வியப்பானது. அதன் காய் மண்ணுக்குள் இருப்பதால் நீராவிப்போக்கு இல்லை, வேர் உறிஞ்சிய கால்சியம் இலைக்குப் போய்விடும், காய்க்கு வராது. அதனால் காய் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து தன் தோல் வழியே நேரடியாக உறிஞ்சிக்கொள்கிறது. மேல்மண்ணில் கால்சியம் இல்லாவிட்டால் காய் பொக்காகிவிடும். பருப்பு உருவானாலும் உள்ளே முளைக்குருத்து கருத்திருக்கும். பூவிலிருந்து காயாகப் போகும் விழுது மண்ணுக்குள் இறங்கும் சமயத்தில் செடியின் தூரையொட்டி ஜிப்சம் போடச் சொல்வது இதற்காகத்தான்.

ஏன் ஜிப்சம், ஏன் சுண்ணாம்பு இல்லை? சொல் குழப்பம் சேதத்தில் முடிவது இங்கேதான். சுண்ணாம்புக்கல்லில் இரண்டு பகுதிகள் உண்டு, கால்சியமும் கார்பனேட்டும். மண்ணின் புளிப்பை முறிப்பது கார்பனேட், கால்சியம் அல்ல. ஜிப்சத்தில் கால்சியத்தோடு இருப்பது சல்பேட், அது புளிப்பை முறிக்காது. ஆகவே அமில மண்ணைச் சரிசெய்யச் சுண்ணாம்பு வேண்டும். சத்து மட்டும் போதுமென்றால் ஜிப்சம் போதும், அதில் சுமார் 23 சதவீதம் கால்சியம், கூடவே கந்தகமும் கிடைக்கும். சோடியம் ஏறி இறுகிப்போன களர் மண்ணுக்கும் ஜிப்சம்தான். அதன் கால்சியம் களித்துகள்களில் ஒட்டியிருக்கும் சோடியத்தை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் அமரும், துகள்கள் திரண்டு மண் பொலபொலப்பாகும். வெளியேறிய சோடியத்தை நல்ல தண்ணீரால் கழுவி வடித்துவிட வேண்டும், வடிகால் இல்லாவிட்டால் எல்லாம் வீண்.

இன்னொரு பக்கம், சுக்கான்கல் கலந்த மண்ணில் சுண்ணாம்பு அளவுக்கு மீறி இருக்கும். அங்கே செடி இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் தவிக்கும், இளம் இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க மற்ற இடமெல்லாம் வெளுக்கும். அப்படி வெளுத்த செடியைப் பார்த்து ‘சுண்ணாம்பு குறைவு’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் எந்தச் சொல்லை எங்கே வைப்பது? தனிமத்துக்குச் ‘சுண்ணம்’ என்று மட்டும் வைத்தால் பொடி, வாசனைப்பொடி, சித்த மருந்து ஆகிய பழைய பொருள்களோடு மோதுகிறது. வேதியியல் பேசும்போது கால்சியம் என்றே எழுதுவேன், இலங்கை வழக்கில் கல்சியம். பயிரைப் பற்றிப் பேசும்போது சுண்ணாம்புச்சத்து. நடுவில் வரும் ‘ச்’ விடாமல் சேர்த்தே எழுத வேண்டும். மண்ணின் புளிப்பு போக்கப் போடும் பொருளுக்கு மட்டும் சுண்ணாம்பு, அந்த வேலைக்குச் சுண்ணாம்பிடுதல். ‘சுண்ணாம்புச்சத்துக் குறைபாடு’ என்று நான்கைந்து எழுத்து கூடுதலாக எழுத நேர்ந்தாலும் ‘சுண்ணாம்புக் குறைபாடு’ என்று சுருக்க மாட்டேன்.