கிட்டங்கி: கிடங்கும் குடோனும்

செட்டிநாட்டில் எழுபது வயதைக் கடந்தவர்களிடம் பேசிக்கொண்டிருந்தால், 'சிங்கப்பூர்க் கிட்டங்கி', 'பினாங்குக் கிட்டங்கி' என்ற சொற்கள் இன்றும் காதில் விழும். அதே ஊரில், சாமான் அடுக்கி வைக்கும் கட்டடத்தைக் கடைக்காரர் 'குடோன்' என்கிறார். அரசின் பெயர்ப்பலகை 'கிடங்கு' என்கிறது. மூன்றும் வெவ்வேறு சொற்கள் போலத் தோன்றினாலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதையும், அந்தக் குடும்பம் கடல் கடந்து போய் உருமாறி வீடு திரும்பியது என்பதையும் அறிந்தவர்கள் குறைவு. உலக வாணிகத்தின் வரலாற்றை ஒரே சொல்லுக்குள் காட்ட வேண்டுமென்றால், நான் கிட்டங்கியைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

வேர் 'கிட' என்னும் வினை. கிடக்கை, கிடை ஆகியவை பிறந்த அதே வினையிலிருந்து கிடங்கும் பிறந்தது. பழைய இலக்கியத்தில் கிடங்கு என்றால் அகழி. 'மண்ணுற ஆழ்ந்த மணிநீர்க் கிடங்கின்' என்று மதுரையின் அகழியை மதுரைக்காஞ்சி பாடுகிறது. தாழ்ந்து கிடக்கும் பள்ளம் என்ற பொருளோடு, பண்டம் கிடக்கும் இடம் என்ற பொருளும் இச்சொல்லுக்கு வந்து சேர்ந்தது. தெலுங்கிலும் இதன் உறவுச் சொல் உண்டு. முதல் எழுத்தை ஆங்கில 'g' போல மெலித்து ஒலிக்கும் 'கிட்டங்கி' அங்கே பண்டம் வைக்கும் இடத்தைக் குறிக்கிறது. தமிழ்ப் பேரகராதியும் கிட்டங்கி என்ற வடிவத்தைத் தெலுங்கோடுதான் இணைக்கிறது.

சோழமண்டலக் கடற்கரையின் துணி கிழக்கே போனது. அதற்கு ஈடாக நறுமணப் பொருள்கள் இங்கே வந்தன. தமிழ் வணிகர் அந்தத் திசையில் கால் வைத்தது மிகப் பழைய செய்தி. சுமத்திராவின் பாரூசில் 1088ஆம் ஆண்டில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் தமிழிலேயே கல்வெட்டுப் பொறித்து வைத்தார்கள். இப்படிப் போய்வந்த துணிமூட்டைகளோடு சொற்களும் போயின. மலாயிலும் ஜாவாவிலும் பண்டசாலைக்கு 'குடாங்' என்று பெயர். இந்தோனேசியாவில் இன்றைக்கும் அதுதான் அன்றாடச் சொல். அது நம் கரையிலிருந்து சென்றது என்று சொல்லாய்வாளர் பலர் கருதுகிறார்கள். அதன் முதல் ஒலி மெலிந்திருப்பதைப் பார்த்தால், தமிழ்த் துறைமுகங்களைவிடத் தெலுங்குத் துறைமுகங்கள் வழியாகவே அது போயிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கேசியர் அந்தச் சொல்லைத் தங்கள் நாவுக்கு ஏற்ப வளைத்துக்கொண்டார்கள். கிராம்பும் ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் சந்தனக்கட்டையும் குவிந்து கிடந்த இடங்களை, அந்த நூற்றாண்டின் போர்த்துக்கேசிய எழுத்துகள் இச்சொல்லால்தான் குறிக்கின்றன. பிறகு வந்த ஆங்கிலேயர் அதை 'கோடவுன்' ஆக்கினார்கள். அவர்களுடைய ஆட்சியோடு அது சென்னைத் துறைமுகத்துக்கு வந்து 'குடோன்' என்று தமிழில் நிலைத்தது. வீட்டை விட்டுப் போன பிள்ளை வேற்றுடை அணிந்து திரும்பி வந்தபோது, நாம் அதை அடையாளம் காணாமல் ஆங்கிலச் சொல் என்று எண்ணிவிட்டோம்.

இனி செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாருக்கு வருகிறேன், ஏனெனில் இச்சொல்லுக்கு முழு வாழ்வு கொடுத்தவர்கள் அவர்களே. 19ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் அவர்கள் தொழில் நடத்திய நீண்ட, ஒடுக்கமான கட்டடங்களுக்குக் கிட்டங்கி என்றே பெயர். பண்டசாலை என்ற பொருளை மட்டும் தெரிந்துகொண்டு அங்கே நுழைபவர், அரிசி மூட்டையையும் மிளகு மூட்டையையும் தேடி ஏமாந்திருப்பார். ஒரே கூடத்தில் பல விலாசங்கள், அதாவது வட்டித் தொழில் நிறுவனங்கள். ஒவ்வொரு விலாசத்துக்கும் தரையில் சிறிது இடம், ஒரு பெட்டி, ஓர் அலமாரி, சம்மணமிட்டு அமர்ந்து எழுத ஒரு சாய்மேசை. பகலில் அந்தப் பெட்டியடியில் வட்டிக் கடை நடந்தது. இரவில் அங்கேயே பாயை விரித்தார்கள். சமையல் பொதுவாக நடந்தது. பெட்டியடிப் பையனாகக் கப்பலேறியவன் அடுத்தாளாகி, பிறகு ஏஜெண்டாக உயர்ந்ததும் அந்தப் பாய்க்கும் பெட்டிக்கும் நடுவில்தான். மூன்று ஆண்டுக் கணக்கை முடித்துக்கொண்டு ஊர் திரும்பும்வரை அலுவலகம், வங்கி, விடுதி மூன்றும் அவர்களுக்கு அந்த ஒரு கூடமே. பண்டம் கிடந்த இடத்தின் பெயர் பணம் கிடக்கும் இடத்துக்கும், பிறகு மனிதர் படுத்துக் கிடக்கும் இடத்துக்கும் பொருந்தியது. 'கிட' என்னும் வேர் எதையும் விட்டுவிடவில்லை. அந்த வரிசைக் கட்டடங்கள் நகரச் சீரமைப்பில் மறைந்துவிட்டன. அவற்றில் வாழ்ந்தவர்கள் 1859இல் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் மட்டும், பின்னர் புதிதாகக் கட்டப்பட்டு, டேங்க் சாலையில் நிற்கிறது.

அதே வழியில் வேறு சொற்களும் இங்கே வந்து இறங்கின. பீங்கானையும் எனாமல் பாத்திரத்தையும் எங்கள் பக்கத்தில் 'மங்கு' என்பார்கள். கிண்ணத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல்லான 'மங்கோக்' அதன் மூலம். திருமண வீட்டு இலையில் விழும் கவுனி அரிசியின் பெயர், ஒட்டும் அரிசிக்கு உரிய பர்மியச் சொல்லின் திரிபு. செட்டிநாட்டு வீட்டு முகப்பில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூணைச் சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கிறார்கள். இந்தச் சொற்களை யாரும் படமெடுப்பதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

சரியான தமிழ்ச் சொல் எது? 'பண்டகசாலை' என்று எழுதுவோர் உண்டு. அது வடமொழித் தொடர்புடையது, பேச்சிலும் அதிகம் வழங்குவதில்லை. களஞ்சியம், பத்தாயம் ஆகியவை தானியத்துக்கு உரியவை. உக்கிராணம் வீட்டுச் சமையல் சாமானுக்கானது. செட்டிநாட்டு வீட்டின் உக்கிராண அறையைக் கிட்டங்கி என்று யாரும் சொல்லமாட்டார்கள். குடோனுக்கு நேரான சொல் கிடங்குதான்: அரிசிக் கிடங்கு, துணிக் கிடங்கு, குளிர்பதனக் கிடங்கு என்று எதனோடும் அது இயல்பாகச் சேரும். ஆனால் கடல் கடந்த நகரத்தாரின் தொழிற்கூடத்தைப் பற்றி எழுதும்போது, பிழை என்று கருதி அதைக் 'கிடங்கு' என்று திருத்திவிட வேண்டாம். அங்கே பெட்டியும் பாயும் கணக்கேடும் சேர்ந்து குறிக்கப்படுகின்றன. அதற்குக் கிட்டங்கி என்றே எழுத வேண்டும்.