நான்காவது தட்டு

அந்தப் பாப்பாவுக்கு ஏழு வயது. அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வகுப்பில் யாரிடமும் பேசுவதில்லை என்று பள்ளியிலிருந்து என்னிடம் அனுப்பியிருந்தார்கள். கூட வந்த அம்மா, "மிஸ் கேக்குறாங்கல்ல, வாயத் திறந்து சொல்லு" என்று அவள் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார். அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, சொப்புச் சாமான் கூடையைத் தரையில் வைத்தேன்.

மூன்று வாரம் சமையல் மட்டும்தான் நடந்தது. அடுப்புப் பற்றவைப்பாள், சோறு வடிப்பாள், நான்கு பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்துப் பரிமாறுவாள். மூன்று தட்டுகளில் புளியங்கொட்டை விழும். நான்காவது தட்டு காலியாகவே இருக்கும். மூன்றாவது வாரம் எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் இதுக்கு மட்டும் சோறு போடல?" என்று கேட்டுவிட்டேன். அவள் பதில் பேசாமல் எல்லாவற்றையும் கூடைக்குள் எடுத்து வைத்தாள். அப்புறம் இரண்டு வாரம் அதைத் தொடவே இல்லை.

அக்கறையோடுதான் கேட்டேன். ஆனால் 'ஏன்' என்ற சொல் நம் குழந்தைகள் காதில் விசாரணையாகவே விழுகிறது. ஏன் லேட்டு, ஏன் மார்க் குறைஞ்சுது, ஏன் அவனை அடிச்ச. அதற்குப் பின்னால் திட்டு வரும் என்று அவர்களுக்குப் பழக்கம்.

அப்போது நான் வேலை பார்த்துக்கொண்டே, குழந்தைகளுடன் சிகிச்சை முறையில் உரையாடுவது பற்றிய முதுநிலைப் பட்டயப் படிப்பை வார இறுதியில் படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை மேற்பார்வை வகுப்பில், அதாவது குழந்தைகளோடு நாங்கள் செய்த வேலையை வழிகாட்டியோடு அலசும் வகுப்பில், நடந்ததை அப்படியே ஒப்பித்தேன். வழிகாட்டி கேட்டார்: "அதைத் தெரிஞ்சுக்கணும்கிற அவசரம் குழந்தைக்கா, உங்களுக்கா?" கண்ணால் பார்ப்பதை மட்டும் சொல்லுங்கள் என்றார்.

விளையாட்டுச் சிகிச்சை பற்றி அமெரிக்க உளவியலாளர் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947இல் எழுதிய புத்தகத்தில் எட்டு அடிப்படைகள் இருக்கின்றன. குழந்தை வழிகாட்டும், நாம் பின்னால் போக வேண்டும் என்பது ஒன்று. அவசரப்படுத்தக் கூடாது என்பது இன்னொன்று. இரண்டையும் தேர்வில் எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருந்தேன். அந்தத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபோது இரண்டுமே நினைவுக்கு வரவில்லை.

கூடை மறுபடி திறந்த அன்று, "இந்தத் தட்டுல இன்னும் சோறு வரல" என்று மட்டும் சொன்னேன். ரொம்ப நேரம் கழித்து, கரண்டியைப் பார்த்தபடியே சொன்னாள்: "அப்பத்தா ஊர்லேருந்து வந்ததும் போடுவேன்."

அவளை வளர்த்த அப்பத்தா இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பிள்ளை பயந்துவிடும் என்று, ஊருக்குப் போயிருக்கிறார் என்றே வீட்டில் சொல்லிவைத்திருந்தார்கள். அதன் பிறகு பெரும்பாலான வேலை அம்மாவோடுதான். "அப்பத்தா செத்துப்போயிட்டாங்க, இனிமே வரமாட்டாங்க" என்று மகளிடம் நேராகச் சொல்ல, என் அறையில் அவர் பலமுறை அழுதுகொண்டே சொல்லிப் பார்த்தார்.

பகுதிநேரப் படிப்பு என்றால் அரைகுறை என்று நினைப்பவர்கள் உண்டு. இந்தத் துறையில் நான் அப்படி நினைக்கவில்லை. ஆசிரியரோ செவிலியரோ சமூகப் பணியாளரோ, சனிக்கிழமை படித்ததைத் திங்கட்கிழமை ஒரு குழந்தைக்கு முன்னால் செய்து பார்க்கிறார். எங்கே தவறியது என்பதை அடுத்த சனிக்கிழமை கொண்டுவந்து வைக்கிறார். அந்தப் போக்குவரத்தில்தான் காது பழகுகிறது. மேற்பார்வையே இல்லாத இரண்டு நாள் பயிலரங்கில் இது நடக்காது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குழந்தை வாய் திறக்க வேண்டும் என்ற ஆசையில், "சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரியவந்தால் காவல்துறைக்குத் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. நான் முதல் நாளே சொல்லிவிடுவேன்: "உன்னைப் பத்திரமா பாத்துக்கறதுக்குத் தேவைன்னா மட்டும் சிலர்கிட்ட சொல்லுவேன். யார்கிட்டன்னு முதல்ல உன்கிட்ட சொல்லிடுவேன்." இதைக் கேட்டதும் குழந்தை பேசாமல் போய்விடுமோ என்று ஆரம்பத்தில் பயந்தேன். என் அனுபவத்தில் பெரும்பாலான பிள்ளைகள் இதைக் கேட்ட பிறகும் பேசியிருக்கிறார்கள்.

இந்தப் பட்டயம் நம்மை மருத்துவ உளவியலாளர் ஆக்கிவிடாது. அதற்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு வேண்டும். ஆட்டிசம், ஏடிஹெச்டி (கவனக் குறைவும் மிகைத் துடிப்பும்) என்று நாமே முத்திரை குத்தாமல், உரியவர்களிடம் அனுப்ப வேண்டும்.

சேரும் முன் நிறுவனத்துக்குப் போன் செய்தால், கட்டணத்துக்கு முன்னால் இதைக் கேளுங்கள்: நான் குழந்தைகளோடு நடத்தும் அமர்வுகளை யார் கேட்பார்கள், எத்தனை மணி நேரம் என்னோடு உட்கார்ந்து பேசுவார்கள்? அதற்குத் தெளிவான பதில் வராமல் சர்டிஃபிகேட் பற்றியே பேச்சு போனால், வேறு இடம் தேடுங்கள்.